காம்ப் போயிருக்கிறோம்

எங்கள் வீட்டில் 'காம்ப்' என்ற சொல்லுக்கு வெகு காலம் ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது: தாத்தா வீட்டில் இல்லை.

தாத்தா வெள்ளைக்காரன் காலத்துத் தாசில்தார் ஆபீஸில் குமாஸ்தா. ஜமாபந்தி வந்துவிட்டால் கலெக்டருக்கு முன்னால் கூடாரங்கள் மாட்டு வண்டியில் புறப்படும். கூடாரங்களுக்குப் பின்னால் தாத்தாவும் கணக்குக் கட்டுகளும் புறப்படுவார்கள். வாசலில் யார் வந்து கேட்டாலும் பாட்டி உள்ளேயிருந்தபடியே, "அவர் காம்ப் போயிருக்கார்" என்பாள். 1948-இல் தாத்தா ரிடையரான பிறகும் பாட்டிக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. அவர் கடைத்தெருவுக்கு வெற்றிலை வாங்கப் போயிருந்தாலும் காம்ப்தான்!

நல்ல மாந்தோப்பாகப் பார்த்துத்தான் கலெக்டருக்குக் கூடாரம் அடிப்பார்களாம். அப்படி ஊர் ஊராகப் பிறருக்குக் கூடாரம் அடித்துக் கொடுத்த மனிதர், ரிடையரான பணத்தில் தமக்கென்று ஒன்றரை ஏக்கர் தோப்பு ஒன்றை மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் வாங்கினார். மதுராந்தகம் என்றதும் உங்களுக்கு ஏரி காத்த ராமர் ஞாபகம் வரும். 1798-இல் பெருமழையில் கரை உடைந்துவிடுமோ என்று கலெக்டர் லயோனல் பிளேஸ் துரை ராத்திரியில் போய்ப் பார்த்தாராம்; அங்கே வில்லும் கையுமாக இரண்டு பேர் காவல் நிற்கக் கண்டாராம். "அந்தத் துரையும் இங்கே காம்ப் வந்தவர்தான்" என்று தாத்தா சொல்வார், ஏதோ தம் ஆபீஸ் சிநேகிதரைப் பற்றிச் சொல்வதுபோல.

இந்தப் பழங்கதையெல்லாம் இப்போது எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

2024 ஏப்ரலில் என் பெண் ஒரு நாள் மேற்கு மாம்பலம் வீட்டுக்கு வந்து, "அம்மா, லீவுக்குக் குழந்தைகளை மலைமேல் ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். கூடாரத்தில் படுக்கலாம். ராத்திரி நெருப்பு மூட்டித் தருவார்கள்" என்றாள். ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு என்ன வாடகை என்று கேட்டேன். சொன்னாள். அந்தப் பணத்துக்கு எங்கள் காலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தலே போட்டிருப்பார்கள்.

பணம் போகட்டும். 2021 ஜனவரியில் வயநாட்டில், மேப்பாடிக்கு அருகே, ஒரு தனியார் இடத்தில் கூடாரத்தில் தங்கப்போன ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்ற செய்தி என் மனசை விட்டு அகலவில்லை. துணிச் சுவருக்கு அந்தப் பக்கம் காடு. இந்தப் பக்கம் குழந்தைகள். "அதெல்லாம் வேண்டாம்" என்றேன்.

அப்போது என் பேரன், ஏழு வயசு, தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தவன், தலையைத் தூக்காமலே கேட்டான்: "பாட்டி, நம்ம தோப்புலேயே கூடாரம் போட்டா என்ன?"

நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். பால் ஒன்றும் பொங்கவில்லை. ஆனாலும் போனேன்.

சகோதரிகளே, அந்தத் தோப்பில் 56 வருஷமாக எங்கள் வீட்டார் யாரும் ராத்திரி தங்கியதில்லை. காரணத்தை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

1968-ஆம் வருஷம், புரட்டாசி மாதம், காலாண்டு லீவு. எனக்குப் பதினொன்று, அண்ணாவுக்குப் பதினான்கு, தம்பிக்கு ஏழு. தோப்பில் புதிதாகப் பம்ப் ஷெட் கட்டியிருந்தார்கள். உள்ளே புழுக்கம். "வெளியே படுக்கலாம் வாடா" என்று அண்ணாதான் பாயை எடுத்துக்கொண்டு போய் மாமரத்தடியில் விரித்தான். மிச்சப்பட்ட செங்கல்லை அங்கேதான் அடுக்கி வைத்திருந்தார்கள். விடியற்காலையில் தம்பி வயிறு வலிக்கிறதென்று எழுந்து உட்கார்ந்தான். முதல் நாள் பச்சை வேர்க்கடலை தின்றிருந்தான். அதுதான் காரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு கண்ணிமை சரிந்தது. "தூக்கம் வரது" என்றான். தூங்கட்டும் என்று விட்டார்கள். பேச்சுக் குழறியது. வண்டி பூட்டி டவுனுக்குக் கொண்டுபோவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. உடம்பில் பல் பட்ட அடையாளம் எங்கும் இல்லை. கட்டுவிரியனாகத்தான் இருக்கவேண்டும் என்று டாக்டர் பின்னால் சொன்னார்.

அதற்குப் பிறகு தோப்பிலிருந்து மாம்பழம் கூடைகூடையாக வரும். நாங்கள் போனதில்லை. அண்ணா ஒரு தடவை கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சில வருஷங்களாக, "வித்துடலாம்டி, மனை போடறவன் நல்ல விலை கேட்கறான்" என்று டெலிபோனில் சொல்லிக்கொண்டிருந்தான். என் பங்குக் கையெழுத்தை நானும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

பேரன் கேட்ட கேள்வி ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. கடைசியில் இவரிடம் சொன்னேன்: "தோப்பைச் சரி பண்ணப் போகிறேன். சரி பண்ண முடியாது என்று தெரிந்தால் விற்றுவிடலாம்." இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் அதற்குச் 'சரி' என்று அர்த்தம்.

உடனே இவரும் மாப்பிள்ளையும் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? எந்தக் கூடாரம் வாங்கலாம் என்று செல்போனில் படம் பார்த்ததுதான். ஆண்களிடம் காம்ப் என்று சொல்லுங்கள், கூடாரத்தில் ஆரம்பிப்பார்கள். பெண்களிடம் கேட்டால் கக்கூஸில் ஆரம்பிப்போம். நான் அங்கேதான் ஆரம்பித்தேன். கூச்சப்பட்டுப் பயனில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் குழந்தை எழுந்து எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் பட்டுக் கூடாரம் அடித்தாலும் அது காம்ப் ஆகாது.

மேஸ்திரி செப்டிக் டாங்க் கட்டி, கழிவுநீரை ஓடைப் பக்கம் திருப்பிவிடலாம் என்றார். நான் இரட்டைக் குழி போதும் என்றேன். இரண்டு குழி தோண்டி, உள்சுவரைச் செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டுக் கட்டுவது. அடியில் சிமெண்ட் பூசுவதில்லை. ஒரு சமயத்தில் ஒரு குழிதான் வேலை செய்யும். அது நிரம்பினால் அடைத்துவிட்டு அடுத்ததற்குத் திருப்பிவிடவேண்டும். இரண்டு வருஷம் மூடிக் கிடந்த குழியில் இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில், 'இந்த அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது' என்று எழுதியிருந்தது. கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டராவது தள்ளியிருக்கவேண்டும் என்பார்கள்; நாங்கள் 20 மீட்டர் தள்ளி, தாழ்ந்த பக்கமாக வைத்தோம். உள்ளே தாழ்ப்பாள், விளக்கு, துணி மாட்ட ஆணி. ஆணியை மறந்துவிடாதீர்கள்!

அடுத்தது கிணறு. தாத்தா காலத்துத் தரைமட்டக் கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது. பகலில் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். மூன்றரை அடிச் சுவர் எழுப்பி, மேலே இரும்புக் கம்பி வலை போட்டுப் பூட்டினோம். தண்ணீரைச் சுத்தப்படுத்த ப்ளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது என்பதில் பேத்திக்குக் கணக்குப் பரீட்சை நடந்தது. 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிராம் என்பது கணக்கு. கிணற்றின் குறுக்களவு 3 மீட்டர், தண்ணீர் ஆழம் 4 மீட்டர். அவள் காகிதத்தில் போட்டுப் பார்த்து, "28,000 லிட்டர் பாட்டி, 70 கிராம்" என்றாள். சமையல் தராசில் நிறுத்தோம். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்கினோம். ஒரு மணி நேரமாவது விடவேண்டும். சாயங்காலம் போட்டுக் காலையில் இறைப்பது உத்தமம். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும், புதுப் பொட்டலமாக வாங்குங்கள். இத்தனைக்கும் மேல் குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சினேன். என் மாமியார் வளர்ப்பு அப்படி.

இதெல்லாம் செங்கல்லும் சிமெண்டும். பணம் கொடுத்தால் நடந்துவிடும். சீட்டு எடுத்த பணம் இதற்கே சரியாகப் போயிற்று. நான் பயந்துகொண்டிருந்த விஷயம் வேறு.

எங்கள் தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர், பக்கத்து ஊரிலிருந்து ஓர் இருளப் பெரியவரை அழைத்து வந்தார். இருளர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் 1978-இல் ஏற்பட்ட அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, விஷம் எடுத்துக்கொண்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொண்டுதான் பாம்புக்கடிக்கு மாற்று மருந்து தயாராகிறது. 2023-இல் அந்த இனத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு நம் அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது.

வந்த பெரியவர் கையில் ஒரு சின்னக் கடப்பாரை மட்டும் இருந்தது. பேசாமல் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் பின்னாலேயே போனேன். தேங்காய் மட்டை குவித்த இடத்தில் நின்றார். பழைய மாட்டுக் கொட்டகைச் சுவரடியில் குனிந்து, பொந்தின் வாயில் ஒட்டியிருந்த ஒட்டடையைக் காட்டி, "இதுல ஒண்ணும் இல்லம்மா, ரொம்ப நாளா போக்குவரத்து இல்ல" என்றார். இன்னொரு பொந்தின் வாய் வழவழவென்றிருந்தது. "இது எலி. இங்க இருக்குது."

"பாம்பு வராமலிருக்க என்ன பெரியவரே செய்யலாம்? வெள்ளைப் பூண்டு, பினாயில் என்றெல்லாம் சொல்கிறார்களே?"

அவர் சிரித்தார். "பாம்பு உங்களைத் தேடி வர்லம்மா. எலியைத் தேடி வருது. எலி, நீங்க சிந்தற சோத்தைத் தேடி வருது."

அவ்வளவுதான். என் ஐம்பத்தாறு வருஷத்துப் பயம் அடுக்களை விஷயமாக மாறிவிட்டது! அடுக்களை விஷயம் என்றால் நமக்குத் தெரியாதா?

கடைசியாக அந்தச் செங்கல் அடுக்குக்கு வந்தோம். ஆமாம், அதே அடுக்குத்தான். பம்ப் ஷெட் கட்டி மிச்சப்பட்டது, யாரும் தொடவில்லை, கொடி படர்ந்து கிடந்தது. பெரியவர் ஒவ்வொரு கல்லாகக் கடப்பாரை முனையால் தள்ளினார். நடுவில், கல்லிடுக்கில், காகிதம்போல ஒன்று. மெதுவாக உருவி என் உள்ளங்கையில் வைத்தார். பாம்புச் சட்டை. "முதுகு நடுவுல பாருங்க" என்றார். மற்றச் செதிலெல்லாம் சின்னதாக இருக்க, முதுகெலும்பு வழியாக ஒரே ஒரு வரிசை மட்டும் ஆறு மூலையுள்ள பெரிய செதில்கள். "கட்டுவிரியன். இந்த வருசத்துச் சட்டை. பகல்ல இப்படிக் கல்லுக்குள்ள படுத்துக்கும். ராத்திரிதான் நடமாட்டம். தரையில படுத்தவங்க பக்கத்துல வரும். கடிச்சது கூடத் தெரியாது."

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மூச்சுவிட்டால் பறந்துவிடும்போல அவ்வளவு லேசாக இருந்தது.

அன்றே செங்கல்லையெல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். மட்டைக் குவியல் போயிற்று. விறகை வேலியோரமாக, தரையிலிருந்து எழும்பிய பலகைமேல் அடுக்கச் செய்தேன். கூடாரம் போடுகிற இடத்தைச் சுற்றி 20 அடிக்குப் புல்லை வெட்டிச் சருகைக் கூட்டினோம். கொளுத்தவில்லை, மாஞ்சருகு பற்றினால் நம் சொல் கேட்காது. புதர்களை வெட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி புதரில் இருந்துகொண்டு உடம்பில் தொற்றிக் கடிக்கிறது. பத்து நாள் கழித்துக் கடுங்காய்ச்சல். உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கும். கண்டுபிடித்துவிட்டால் மாத்திரையிலேயே குணமாகிறது. காட்டுக்கோ தோப்புக்கோ போய்வந்த பிறகு காய்ச்சல் வந்தால், போய்வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். ஈரத் துணியைச் செடிமேல் உலர்த்துகிற பழக்கத்தையும் விடுங்கள்; கொடி கட்டிக்கொள்வது என்ன பெரிய வேலையா?

படுக்கிற இடத்துக்கு மூன்று மேடைகள். ஒன்றரை அடி உயரம், செம்மண் கிராவல் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்தது. தென்னையடியில் ஒரு மேடையும் கிடையாது. தேங்காய் யார் தலையென்று பார்த்து விழுவதில்லை. மாமரத்தில் பட்டுப்போன கிளைகளை ஆள் வைத்து வெட்டினோம். மேடையெல்லாம் பிரமாதமாக அமைந்துவிட்டது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து என் பெருமையைக் கரைத்துவிட்டது. தண்ணீர் வடிய நாங்கள் வெட்டிய வாய்க்கால் மேட்டைப் பார்த்து இருந்திருக்கிறது! ஒரு மேடையில் பாதி காணோம். மறுபடி மேல்பக்கமாக வாய்க்கால் வெட்டி, மேடை ஓரத்துக்குக் கருங்கல் பதித்தோம். புயல் முன்னாலேயே வந்தது நல்லதாயிற்று. குழந்தைகள் படுத்திருக்கையில் வந்திருந்தால்?

மின்சார விஷயத்தில் நான் தலையிடவில்லை. ஒன்றே ஒன்று சொன்னேன்: யாருக்காவது ஷாக் அடித்தால் அடுத்த நொடியே தானாக அணைந்துவிடுகிற 30 மில்லியாம்பியர் சுவிட்ச் இல்லாமல் ஒரு விளக்குக்கூட எரியக்கூடாது. பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர், பன்றி வராமலிருக்க வேலிக் கம்பியில் கரண்ட் கொடுத்துவிடுங்களேன் என்று யோசனை சொன்னார். சட்டப்படி குற்றம், பன்றிக்கு முன்னால் மனிதர்கள்தான் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

தோப்பு வாசல் ஏழடி அகலம். மாட்டு வண்டிக்கு அது போதும். ஆம்புலன்ஸுக்குப் போதுமா? பன்னிரண்டு அடியாக்கினோம். வண்டி பூட்டிக் கொண்டுபோன அந்தக் காலையை நான் மறக்கவில்லை. பெரிய ரோட்டிலிருந்து எப்படித் திரும்பி வரவேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பம்ப் ஷெட் சுவரில் ஒட்டினேன். 108-க்குப் பேசுகிறவர் பதற்றத்தில் வழியை உளறிவிடக்கூடாது பாருங்கள். மாற்று மருந்தும், மூச்சு நின்றால் சுவாசம் கொடுக்கிற இயந்திரமும் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று நேரில் போய் விசாரித்து அதையும் எழுதிவைத்தேன். கட்டுவிரியன் கடிக்கு அந்த இயந்திரம் மருந்தைப்போலவே முக்கியம். கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தால் செய்வதுபோல அசையாமல் வைத்துக்கொண்டு உடனே புறப்படவேண்டும். தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலியும் கண்ணிமைச் சரிவும் வந்தால், கடிவாய் தேடிக்கொண்டிராமல் பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு ஓடவேண்டும். இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நடுங்கியது உண்மை.

2000 முதல் 2019 வரை நம் தேசத்தில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது. பத்திரிகையில் அதைப் படித்ததும் கத்தரித்து அண்ணாவுக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை.

2025 பொங்கல் வந்தது. காணும் பொங்கலன்று போனோம். என் பெண், மாப்பிள்ளை, அவர்கள் குழந்தைகள் இரண்டு பேர், அண்ணாவின் பேரக் குழந்தைகள் மூன்று பேர், இவர், நான். அண்ணா வரமாட்டான் என்று அவன் நாட்டுப்பெண் முன்பே சொல்லிவிட்டாள். பகலில் வேடந்தாங்கலில் பறவை பார்த்துவிட்டுச் சாயங்காலம் தோப்புக்குத் திரும்பினோம். கூடாரம் மூன்றும் மேடைமேல் எழும்பின. உள்ளே பாய் கிடையாது. மடக்குக் கட்டில், ஒவ்வொன்றுக்கும் கொசுவலை, வலையின் ஓரம் மெத்தைக்கு அடியில் சொருகியிருக்கவேண்டும். கொசுவுக்காக மட்டும் நான் சொல்லவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

புளியோதரை, தயிர்சாதம், சுட்ட அப்பளம். ஒரு பருக்கை கீழே விழக்கூடாது என்று நான் போலீஸ்காரி மாதிரி நின்றேன். சாப்பிட்ட இலைகளைக் கட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் காருக்குள் வைத்தாயிற்று. செங்கல் வட்டத்துக்குள் நெருப்பு. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். இவருக்குத் திடீரென்று ஓர் உற்சாகம் பிறந்து, கும்முட்டி அடுப்பில் கரி போட்டு வேப்பிலைப் புகையோடு கூடாரத்துக்குள் வைத்தால் கொசு ஒன்று வராது என்று தூக்கிக்கொண்டு கிளம்பினார். "வையுங்கள் கீழே!" என்று நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்காயெல்லாம் எழுந்துவிட்டன. மூடிய கூடாரத்தில் கரி கனிந்தால் வருகிற வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். கொசு கடித்தால் சொறிந்துகொள்ளலாம்.

எட்டு மணி இருக்கும். வாசலில் கார் விளக்கு. அண்ணா இறங்கினான்.

"சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றான். எழுபத்தோரு வயசு. கையில் ஒரு பெரிய டார்ச். யாருடனும் பேசவில்லை. கிணற்றுச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தான். பம்ப் ஷெட் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தான். பிறகு அந்த மாமரத்தடிக்குப் போனான். செங்கல் இருந்த இடம் வெறுந்தரையாக, கூட்டிப் பெருக்கியிருந்தது. டார்ச்சை அந்த இடத்தில் அடித்தபடி நின்றுகொண்டே இருந்தான். நான் கூப்பிடவில்லை.

குழந்தைகள் படுக்கப் போனதும் ஒவ்வொரு கூடாரமாக நுழைந்து, ஒவ்வொரு வலையின் ஓரத்தையும் தானே சொருகினான். நான் சொருகியிருந்ததையும் உருவிவிட்டு மறுபடி சொருகினான். ஜிப்பை இழுத்து மூடினான். என் பேரன் உள்ளேயிருந்து, "மாமா தாத்தா, நீங்க எங்கே படுப்பீங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. "நான் தூங்கமாட்டேண்டா. நீ தூங்கு."

நானும் தூங்குவதில்லை என்றுதான் தீர்மானம் செய்திருந்தேன். பிளாஸ்கில் காப்பி, மடியில் டார்ச். பன்னிரண்டு மணி வரைக்கும் ஒவ்வொரு கூடாரத்திலிருந்து வருகிற மூச்சையும் எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்குப் பேத்தி எழுந்தாள். செருப்பைத் தட்டிவிட்டு மாட்டிக்கொண்டு, விளக்கு போட்ட பாதையில் தானே போய்த் தானே திரும்பினாள். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது பனி சொட்டிக்கொண்டிருந்தது. மயில் ஒன்று எங்கோ அகவியது. என் கட்டிலுக்கும் யாரோ வலை சொருகியிருந்தார்கள். எழுந்து வெளியே வந்தேன்.

அண்ணா மேடை ஓரத்துக் கருங்கல்மேல் உட்கார்ந்திருந்தான். எதிரே குழந்தைகளின் செருப்பும் ஷூவும் பத்தும் வரிசையாக. ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து, கல்லில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சின்ன ஷூவைத் தூக்கிக் காட்டினான்.

"ஒண்ணுமில்லைடி" என்றான். அடுத்ததை எடுத்தான். "ஒண்ணுமே இல்லை."